பேறுகாலத்துக்குப் பின் மனம் பிறழ்ந்தால்: மலையோரக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளை பெற்று ஒரு வாரம்தான் ஆகிறது. இரண்டு மூன்று ராத்திரியாகப் பெண் கண் மூடவில்லை, ஆனால் களைப்பும் தெரியவில்லை. பேச்சு கூடிக்கொண்டே போகிறது. நடுநடுவே சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்கிறாள். உங்கள் வீட்டில் நிலைமை இப்படி இருந்தால் இதை மேற்கொண்டு படிக்க வேண்டாம். இன்றே, இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மீதியை வண்டியில் போகும்போது கூட வருகிறவர் படித்துக்கொள்ளலாம்.

தேனி மாவட்டத்திலும், இடுக்கி மாவட்டத்தில் பீர்மேடு, உடும்பன்சோலை, தேவிகுளம் தாலுகாக்களிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இங்கே பெண் கொடுப்பதும் எடுப்பதும் மலைக்கு மேலும் கீழுமாகத்தான் நடக்கிறது. கம்பத்துப் பெண் வண்டிப்பெரியாற்றில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் வாழ்க்கைப்பட்டிருப்பாள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு இறங்கி வருவாள். தீட்டுக் கழித்து, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையோடு மேலே ஏறுவாள். கர்ப்பத்தில் பார்த்த டாக்டர் ஒரு மாநிலம், பிரசவம் பார்த்தவர் இன்னொரு மாநிலம். நோய் என்று வந்தால் எந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு ஓடுவது என்று பேசி முடிப்பதற்குள்ளேயே இரண்டு நாள் போய்விடுகிறது. இந்த நோயில் அந்த இரண்டு நாள் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

எது சாதாரணம், எது இல்லை

பிரசவமான மூன்றாம் நான்காம் நாளில் காரணமே இல்லாமல் அழுகை வரும், சின்ன விஷயத்துக்கு எரிச்சல் வரும். பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு இது உண்டு. இரண்டு வாரத்துக்குள் தானாகப் போய்விடும். ஓய்வும் ஆதரவான பேச்சும் போதும், மருந்து வேண்டியதில்லை.

அந்தச் சோர்வு இரண்டு வாரம் தாண்டியும் விடாமல் நின்றால் அது மனச்சோர்வு நோய். நம் நாட்டில் பிள்ளை பெற்ற பெண்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு இருப்பதாக ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்கிறார்கள். பிள்ளை மேல் ஒட்டுதல் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, பிள்ளை தூங்கும்போதுகூடத் தனக்குத் தூக்கம் வரவில்லை, செத்துவிடலாம் போலிருக்கிறது என்று நினைப்பு ஓடும். இதற்கும் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்துவிட்டால் அதுவும் அன்றைக்கே பார்க்க வேண்டிய அவசரம்.

மூன்றாவதுதான் இங்கே விஷயம். பிரசவத்துக்குப் பிந்தைய மனப்பிறழ்வு. டாக்டர்கள் போஸ்ட்பார்ட்டம் சைக்கோசிஸ் என்பார்கள். நம் பாட்டிமார் ‘பேறுகாலச் சன்னி’ என்று சொன்னதில் இதுவும் அடக்கம். ஆயிரம் பிரசவத்தில் ஒன்று இரண்டு பேருக்கு வரும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் மிக வேகமாக முற்றும். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் ஆரம்பிக்கும். நேற்று மாலை நன்றாக இருந்தவள் இன்று காலை வேறு ஆளாக இருப்பாள். பைபோலார் என்கிற, அளவு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் மனநோய் ஏற்கெனவே இருந்தவர்களுக்கும், முந்தைய பிரசவத்தில் இதே நோய் வந்தவர்களுக்கும், அம்மாவுக்கோ கூடப்பிறந்தவளுக்கோ வந்திருந்தாலும் ஆபத்து அதிகம். இவற்றில் எதுவுமே இல்லாத, அதுவரை மனநோயே தெரியாத பெண்களுக்கும் வருகிறது. முதல் பிரசவத்தில் கூடுதலாக வருகிறது. ஆகவே ‘எங்கள் வம்சத்தில் கிடையாது’ என்று ஒதுக்கிவிட முடியாது.

வீட்டில் முதலில் கண்ணில் படுவது

தூக்கம்தான் முதல் தடயம். பிள்ளை அழுவதால் தூக்கம் கெடுவது வேறு. இங்கே பிள்ளை அயர்ந்து தூங்கும், அவள் தூங்க மாட்டாள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் பிள்ளையின் துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருப்பாள். அடுக்கி முடித்ததும் கலைத்து மறுபடியும் மடிப்பாள். “ஏம்மா படுக்கலையா?” என்று கேட்டால், “வேலை கெடக்கு, நீங்க படுங்க” என்று சுறுசுறுப்பாகப் பதில் வரும். வீட்டில் உள்ளவர்கள் பொறுப்பான பெண் என்று நினைத்துத் திரும்பப் படுத்துவிடுவார்கள்.

அப்புறம் பேச்சு மாறும். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும். சில பெண்கள் நேர்மாறாக வாயே திறக்காமல் ஒரே இடத்தைப் பார்த்தபடி இருப்பார்கள். சந்தேகம் வரும்: கஞ்சியில் எதையோ கலந்துவிட்டார்கள், நர்ஸ் பிள்ளையை மாற்றிவிட்டாள், புருஷன் வேறு கல்யாணம் பண்ணப் போகிறான். யாருக்கும் கேட்காத குரல் கேட்கும். இது எந்த ஊர், இன்று என்ன கிழமை என்பதில் குழப்பம் வரும். பிள்ளையைப் பற்றி விசித்திரமான நம்பிக்கை தோன்றும்: இது சாமி பிள்ளை, இதற்கு ஏதோ சக்தி இருக்கிறது, அல்லது இது கெட்டது, இதைக் காப்பாற்ற வேண்டுமானால் அனுப்பி வைக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன மாதிரி ஒரு வார்த்தை காதில் விழுந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

குடும்பங்கள் ஏமாறுவது பெரும்பாலும் ஓரிடத்தில்தான். இந்த நோய் நேரத்துக்கு நேரம் மாறும். காலையில் குளித்து, பொட்டு வைத்து, வந்தவர்களிடம் தெளிவாகப் பேசுவாள். “பாருங்க, சரியாயிருச்சு” என்று எல்லோரும் மூச்சு விடுவார்கள். சாயங்காலம் மறுபடி பிடித்துக்கொள்ளும். தெளிவான அந்த நேரத்தை நம்பி ஆஸ்பத்திரிப் பயணத்தைத் தள்ளிப் போடாதீர்கள். உண்மையில் அந்த நேரம்தான் அவளைச் சிரமமில்லாமல் வண்டியில் ஏற்ற வசதியான நேரம்.

முதல் ஒரு மணி நேரம்

ஒன்று, தாயையும் பிள்ளையையும் தனியாக விடாதீர்கள். அதற்காகப் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடவும் வேண்டாம். பிடுங்கினால் அவளுக்கு இருக்கும் சந்தேகம் உறுதிப்படும். அவளுக்குப் பிடித்தமான ஒரே ஒருவர், அம்மாவோ சித்தியோ மதினியோ, பக்கத்தில் உட்கார்ந்து, “நீ கொஞ்சம் சாய்ஞ்சுக்கோ, நான் பிள்ளைய வச்சிருக்கேன், உன் கண்ணு முன்னாடிதான் இருப்பேன்” என்று வாங்கிக்கொள்ளட்டும்.

இரண்டாவது, அக்கம்பக்கத்தைக் கலையுங்கள். எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு வீட்டில் சத்தம் கேட்டால் வரிசை முழுக்க வந்து நின்றுவிடும். ஆள் கூடக் கூட அவள் பயம் கூடும். டிவியை அணையுங்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள். அவள் சொல்வதை மறுத்து வாதாட வேண்டாம், ஆமாம் என்று ஒத்து ஊதவும் வேண்டாம். “உனக்கு அப்படித் தோணுது, பயமா இருக்குமில்ல, வா டாக்டரப் பாத்துட்டு வருவோம்” என்ற அளவில் பேசினால் போதும்.

மூன்றாவது, கண்ணால் ஒரு சுற்று பாருங்கள். அரிவாள், கவ்வாத்துக் கத்தி, மண்ணெண்ணெய், தோட்டத்துக்கு அடிக்கும் மருந்து, மாத்திரை டப்பா, மூடாத கிணறு, தண்ணீர்த் தொட்டி. ஏலத்தோட்டத்து வீடுகளில் பூச்சிமருந்து கைக்கெட்டும் இடத்தில் இருப்பது சர்வ சாதாரணம். முதலில் அதை எடுத்து வெளியே பூட்டுங்கள். இந்த நோய் வந்த பெண்களில் பெரும்பாலோர் பிள்ளையை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் தன்னையோ பிள்ளையையோ மாய்த்துக்கொள்ளும் ஆபத்து மற்ற தாய்மாரைவிட மிக அதிகம் என்பதால் இந்த எச்சரிக்கை.

கட்டிப் போடக் கூடாது. அடிக்கக் கூடாது. தண்ணீரும் ஏதாவது ஆகாரமும் கொடுங்கள். வண்டி வரும் வரை என்ன செய்வது என்று தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022இல் தொடங்கிய மனநல உதவி எண் அது. ராத்திரி பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் மலையாளத்திலும் பேசுவார்கள். ஆனால் போன் ஆலோசனையோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். இதற்கு ஆஸ்பத்திரி வேண்டும்.

மந்திரிப்பது பற்றி

காற்று கருப்பு, முனி, செய்வினை என்று மலைக்கு இந்தப் பக்கம் ஒருவர் சொல்வார், அந்தப் பக்கம் இருக்கிற மாந்திரீகரிடம் போகச் சொல்லி இன்னொருவர் முகவரி கொடுப்பார். கும்பிடுகிற சாமியை விடச் சொல்லி நான் எழுதவில்லை. விபூதி பூசுங்கள், வேண்டுதல் முடியுங்கள், ஓதித் தண்ணீர் தெளியுங்கள். ஆனால் முதலில் ஊசி, அப்புறம் வேண்டுதல். பச்சை உடம்புக்காரியைப் பட்டினி போட்டு, விடிய விடிய புகை போட்டு, வேப்பிலையால் அடித்துக் கேள்வி கேட்பது, ஏற்கெனவே தூக்கமில்லாத மூளையை மேலும் சிதைக்கும். சங்கிலியால் கட்டுவதைச் சட்டமே தடை செய்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தப்ப முடியாமல் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகும் இந்தப் பழக்கம் முழுதாகப் போகவில்லை என்பது வேதனை.

உடம்பையும் பார்க்கச் சொல்லுங்கள்

புத்தி தடுமாறுவது எல்லாமே மனநோயாக இருக்க வேண்டியதில்லை. பிரசவத்துக்குப் பிறகு மூளையின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைவது நம் நாட்டில் இன்னும் நடக்கிறது. கடுமையான தலைவலி, வலிப்பு, கண் மங்கல், ஒரு பக்கம் கை கால் விழுதல் இவை அதன் அடையாளங்கள். பிரசவமானவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு போட்டுவிடும் என்று தாகத்தோடு வைத்திருக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. உடம்பில் நீர் வற்றினால் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். ரத்தக் கொதிப்பினால் வரும் வலிப்பு பிரசவத்துக்குப் பிறகும் வரலாம். கர்ப்பப்பையில் சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்தாலும் பிதற்றல் வரும். தைராய்டு கோளாறும் ஒரு காரணம்.

அதனால் காய்ச்சல், தலைவலி, வலிப்பு, அதிக ரத்தப்போக்கு, நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் இதில் எது இருந்தாலும் மனநல கிளினிக்கைத் தேடி அலையாமல், எல்லாப் பிரிவும் உள்ள பெரிய ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே நேராகப் போங்கள். இவை இல்லாவிட்டாலும் ரத்த அழுத்தம், ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் தலைக்கு ஸ்கேன் எடுப்பார்கள். “பைத்தியத்துக்கு எதுக்கு ஸ்கேன்” என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

எந்தப் பக்கம் போவது

கீழே இருந்தால் க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. மகப்பேறு, மனநலம், பொது மருத்துவம் மூன்றும் ஒரே வளாகத்தில் கிடைக்கும் இடமாகப் பார்க்க வேண்டும் என்பதால் இதைச் சொல்கிறேன். மேலே வண்டிப்பெரியாறு, பீர்மேடு பக்கம் இருந்தால் கோட்டயம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. குமுளிக்காரர்களுக்கு இரண்டும் கைக்கு எட்டும்; கீழே இறங்குவதா, மேற்கே போவதா என்பதைப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் எங்கே கிடைக்கும் என்பதை வைத்து முடிவு செய்யலாம். அவளோடு ஆஸ்பத்திரியில் இரண்டு பேர் மாறி மாறித் தங்க வேண்டியிருக்கும். ஒருவர் அவளுக்கு, ஒருவர் பிள்ளைக்கு. எந்தப் பக்கம் அந்த இரண்டு பேர் இருக்கிறார்களோ அந்தப் பக்கம் போவது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

நிலைமை ரொம்ப மோசம், அவ்வளவு தூரம் தாங்காது என்றால் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் நிறுத்துங்கள். கம்பத்திலோ பீர்மேட்டிலோ முதல் ஊசி போட்டுத் தூங்க வைத்து, கடிதம் கொடுத்து அனுப்புவார்கள். 108 இரண்டு மாநிலத்திலும் உண்டு. ஆனால் எல்லையோரத்தில் உங்கள் போன் எந்தப் பக்கத்து டவரைப் பிடித்திருக்கிறதோ, அதைப் பொறுத்து அழைப்பு போய்ச் சேரும் இடம் மாறலாம். எடுத்தவுடன் மாநிலம், மாவட்டம், எஸ்டேட் பெயர், டிவிஷன் என்று வரிசையாகச் சொல்லுங்கள். ஜீப்பிலோ காரிலோ போனால் அவளை நடுவில் உட்கார வைத்து இரண்டு பக்கமும் ஆள் இருக்கட்டும், கதவுப் பக்கம் வேண்டாம். பிள்ளை முன் சீட்டில் வேறொருவர் மடியில் வரட்டும். குமுளி மலைப்பாதையின் வளைவுகளில் ஓடுகிற வண்டியிலிருந்து குதிக்கப் பார்ப்பது நடக்கக்கூடியதே.

ஆதார், பிரசவ டிஸ்சார்ஜ் அட்டை, கர்ப்பகால அட்டை, சாப்பிடுகிற மாத்திரைகள் இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ரேஷன் கார்டு வேறு மாநிலம் என்பது அவசர சிகிச்சைக்குத் தடையல்ல. அதைத் தேடிக்கொண்டு கிளம்பாமல் இருக்க வேண்டாம்.

டாக்டரிடம் சொல்ல வேண்டியது

“மனசு சரியில்ல” என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். முதல் வாக்கியத்திலேயே இதைச் சொல்லுங்கள்: பிரசவமாகி இத்தனை நாள், இத்தனை ராத்திரியாகத் தூக்கமில்லை, இல்லாத குரல் கேட்கிறது, பிள்ளையைப் பற்றி இப்படிச் சொன்னாள். அவள் சொன்ன வார்த்தையை மாற்றாமல் அப்படியே சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் ஆபத்தின் அளவு டாக்டருக்குத் தெரியாமல் போகும்.

கேரளப் பக்கம் தமிழ் புரிந்துகொள்கிற டாக்டர்கள் நிறையப் பேர் உண்டு. புரியாத இடத்தில் மூன்று வாக்கியம் கையில் இருக்கட்டும். “ப்ரசவம் கழிஞ்ஞிட்டு பத்து திவசமாயி.” “மூணு திவசமாயிட்டு உறங்ஙியிட்டில்ல.” “இல்லாத்த சப்தம் கேள்க்குன்னு.” இதைக் கேட்டாலே அவர்களுக்கு விஷயம் புரிந்துவிடும்.

முன்பு மனநல மருந்து சாப்பிட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். கல்யாணத்தின்போது மறைத்த விஷயமாக இருக்கலாம், மாமியார் பக்கத்தில் நிற்கலாம். டாக்டரைத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். பால் நிற்பதற்கு மாத்திரை கொடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள், அந்த வகை மருந்துகளில் சில இந்த நோயைக் கிளப்பிவிடக்கூடியவை.

ஆஸ்பத்திரியில்

பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்ப்பார்கள். முதல் வேலை தூங்க வைப்பது. மனப்பிறழ்வுக்கான மருந்து, தூக்க மருந்து, சிலருக்கு மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் கொடுப்பார்கள். நோய் முற்றி, சாப்பிடாமல், தற்கொலை எண்ணத்தோடு இருந்தால் மின்அதிர்வு சிகிச்சை சொல்வார்கள். ‘கரண்ட் வைப்பது’ என்று ஊரில் பயமுறுத்துவது இதைத்தான். இப்போது மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்ய வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. இந்த நோயில் நன்றாக, சீக்கிரமாகப் பலன் தருகிற சிகிச்சை அது.

பாலூட்டுவது பற்றி நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். சில மருந்துகள் பாலில் கொஞ்சம்தான் போகும், கொடுக்கலாம் என்பார்கள். லித்தியம் போன்றவற்றுக்கு வேண்டாம் என்பார்கள். தூக்க மருந்து சாப்பிட்ட தாயோடு பிள்ளையை ஒரே பாயில் படுக்கப் போடக் கூடாது, இது மட்டும் நிச்சயம். புட்டிப்பால் கொடுக்க நேர்ந்தால் அதற்காக அவளை ஒரு வார்த்தை குறை சொல்லாதீர்கள்.

பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையை, மனநல சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. பிள்ளைக்கு ஆபத்து என்று டாக்டர் கருதினால் தற்காலிகமாகப் பிரிக்கலாம். அப்போதும் மேற்பார்வையோடு தாய் பிள்ளையைப் பார்க்க வழி செய்ய வேண்டும், அந்த முடிவை 15 நாளுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும். தாயும் பிள்ளையும் சேர்ந்தே தங்கிச் சிகிச்சை பெறுவதற்கென்று தனிப் பிரிவை பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல ஆஸ்பத்திரி 2009இல் தொடங்கியது. நம் மலைப் பக்கத்திலிருந்து அது தூரம், ஆனாலும் சிக்கலான நோயாளிக்கு உங்கள் டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

கடுமையான கட்டம் சில வாரத்தில் அடங்கும். முழுதாகத் தேற ஆறு மாதம், ஒரு வருஷம்கூட ஆகலாம். சிகிச்சை எடுத்தவர்களில் பெரும்பாலோர் பழையபடி ஆகிவிடுகிறார்கள். இதை அவளிடமும் சொல்லுங்கள், ஒரு முறையல்ல, பல முறை.

வீடு திரும்பிய பிறகு

ராத்திரித் தூக்கத்தை மருந்தாகவே நினையுங்கள். ராத்திரிப் பால் கொடுக்கிற வேலையை வேறொருவர் எடுத்துக்கொண்டு அவளுக்கு ஒரே மூச்சாகத் தூங்க நேரம் கொடுங்கள். இதில் புருஷன் பங்கு பெரிசு. காலையில் மஸ்டருக்கு, அதாவது எஸ்டேட்டில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போக வேண்டுமே என்று தோன்றும். அப்படியானால் அம்மாச்சி ஒரு ராத்திரி, மதினி ஒரு ராத்திரி என்று முறை வையுங்கள். பிள்ளை பார்க்க வருகிற கூட்டத்தைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள்.

வெறி அடங்கியதும் பலருக்கு மனச்சோர்வு வரும். தான் என்ன பேசினோம், என்ன செய்தோம் என்று துண்டு துண்டாக நினைவு வரும். “நான் பிள்ளைய ஏதாவது பண்ணினேனா?” என்று கேட்பாள். நடந்ததை மழுப்பாமல், மென்மையாகச் சொல்லுங்கள். காய்ச்சலில் பிதற்றியவளை யாரும் குற்றம் சொல்வதில்லை, இதுவும் அப்படித்தான். அந்த நாட்களை செல்போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தால், டாக்டருக்குக் காட்டி முடிந்தவுடன் அழித்துவிடுங்கள். அவளுக்குக் காட்டவும் வேண்டாம், சொந்தக்காரர் குரூப்பில் போடவும் வேண்டாம். இப்படிப் போன ஒரு வீடியோவால் ஒரு பெண் ஊருக்குள் தலை நிமிர முடியாமல் ஆகிவிடும்.

எஸ்டேட்டில் நிரந்தரத் தொழிலாளியாக இருந்தால், முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு சட்டப்படி உண்டு. பிரசவத்தால் வந்த நோய்க்குச் சான்றிதழ் காட்டினால் மேலும் ஒரு மாதம் வரை கேட்கலாம். டாக்டரிடம் சான்றிதழ் வாங்கும்போதே இதைச் சொல்லி வாங்குங்கள். அவசரமாகக் கொழுந்து பறிக்க அனுப்ப வேண்டாம்.

மாத்திரையும் எல்லையும்

நோய் திரும்புவதற்கு நம் பக்கத்தில் நான் பார்க்கிற பெரிய காரணம் மாத்திரை அறுந்து போவது. கீழே சிகிச்சை தொடங்கி, மேலே ஏறிய பிறகு, மறுபடி இறங்கிப் போய் வாங்கப் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் போகும். ‘இப்பதான் நல்லா இருக்காளே’ என்று விட்டுவிடுவார்கள். நல்லா இருப்பதே அந்த மாத்திரையால்தான்.

டிஸ்சார்ஜ் ஆகும்போதே, எந்தப் பக்கம் குடியிருக்கப் போகிறோம் என்று சொல்லி, மருந்தின் பெயரும் அளவும் தெளிவாக எழுதிய கடிதம் வாங்குங்கள். கம்பெனிப் பெயர் போதாது, மருந்தின் பொதுப்பெயரும் வேண்டும், அப்போதுதான் அடுத்த மாநிலத்து அரசு ஆஸ்பத்திரியில் அதே மருந்தைத் தர முடியும். இரண்டு மாநிலத்திலும் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. கேரளத்தில் தாலுகா, சமூக சுகாதார மையங்களில் அதன் கிளினிக் குறிப்பிட்ட நாளில் நடக்கும், மருந்து இலவசம். எந்த நாள் என்று ஆஷா பணியாளரிடமோ ஜூனியர் நர்ஸிடமோ கேளுங்கள். ‘அம்ம மனஸ்’ என்ற பெயரில் கர்ப்பிணிகள், பிள்ளை பெற்றவர்களின் மனநலத்தை விசாரிக்கும் வேலையும் அங்கே நடக்கிறது. தமிழ்நாட்டில் கிராம சுகாதார நர்ஸைக் கேட்கலாம்.

எப்போதும் இரண்டு வாரத்து மாத்திரை கூடுதலாகக் கையில் இருக்கட்டும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையில் எல்லையில் போக்குவரத்து நின்றது, 2020இல் கொரோனாவில் நின்றது, மழைக்காலத்தில் மண் சரிந்தாலும் நிற்கும். மாத்திரையை அவள் கையில் மொத்தமாகக் கொடுக்காமல் வீட்டில் ஒருவர் பூட்டி வைத்து வேளைக்கு எடுத்துக் கொடுங்கள். லித்தியம் சாப்பிடுகிறவர் என்றால் சொன்ன நாளில் ரத்தப் பரிசோதனை, நிறையத் தண்ணீர், உப்பைத் திடீரென்று குறைக்காமல் இருப்பது மூன்றும் முக்கியம். வயிற்றுப்போக்கு, வாந்தி வந்தால் உடனே டாக்டரைக் கேளுங்கள்.

புருஷன் வீட்டுக்காரர்களுக்கு

“பைத்தியத்தைக் கட்டி வச்சுட்டாங்க” என்று பிள்ளையை மட்டும் வைத்துக்கொண்டு பெண்ணை மலை இறக்கி விடுவதை இந்தப் பக்கத்தில் கேள்விப்படாதவர்கள் கிடையாது. யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையைப் பெற்றதால் வந்த நோய் இது. நீங்கள் கூட இருந்தால் சில மாதத்தில் தேறிவிடுகிற நோய். பிள்ளைக்கும் அவள் வேண்டும். மாமியார் ஒரு வார்த்தை, “என் மருமகளுக்குப் பேறுகாலத்துல உடம்பு முடியாமப் போச்சு, இப்பத் தேறிட்டா” என்று ஊரில் சொல்லிவிட்டால், அதற்கு மேல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பெண்ணைப் பெற்றவர்களும் மறைக்க வேண்டாம். மறைத்து மேலே அனுப்பினால் மாத்திரையையும் மறைத்துச் சாப்பிட வேண்டி வரும், அப்புறம் அது நின்றுபோகும்.

அடுத்த பிள்ளை

ஒருமுறை வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அடுத்த பிரசவத்திலும் வரலாம். பெற்றுக்கொள்ளவே கூடாது என்று அர்த்தமில்லை, முன்னேற்பாடு வேண்டும். முழுதாகத் தேறும் வரை குடும்பக் கட்டுப்பாட்டு முறை ஒன்றைக் கைக்கொள்ளுங்கள். கர்ப்பத்துக்கு முன்பே மனநல டாக்டரைப் பாருங்கள். வால்ப்ரோயேட் என்ற மருந்து சாப்பிடுகிறவராக இருந்தால் இது மிக மிக அவசியம், அது கருவைப் பாதிக்கும். ஆனால் கர்ப்பம் என்று தெரிந்த அன்றே எல்லா மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பிரசவ டாக்டர், மனநல டாக்டர் இருவருக்கும் விஷயம் தெரிந்திருக்கட்டும். பிரசவமானவுடன் தடுப்பாக மருந்து தொடங்குவார்கள். ஏழாம் மாதத்திலேயே உட்கார்ந்து பேசி ஒரு தாளில் எழுதுங்கள்: பிரசவம் எந்தப் பக்கம், எந்த ஆஸ்பத்திரி, முதல் இரண்டு வாரம் ராத்திரி யார் யார் பிள்ளையைப் பார்ப்பது, போன முறை முதலில் தெரிந்த அடையாளம் என்ன, வண்டிக்கு யாரைக் கூப்பிடுவது, மூத்த பிள்ளையை யாரிடம் விடுவது. எழுதும்போது அவளும் கூட இருக்கட்டும், போன முறை தனக்குள் என்ன நடந்தது என்பது அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒரு பிரதி மேலே புருஷன் வீட்டில், ஒரு பிரதி கீழே அம்மா வீட்டில், ஒன்று அவள் கர்ப்பகால அட்டைக்குள்.